அக்கரைக் கட்டணம்

எங்கள் சமையலறை மேசைக்கு ஒரு கால் குட்டை.
அடியில் பீட்சா அட்டையை மடித்து வைத்திருக்கிறேன்.
மேலே மடிக்கணினி,
அதன் முன்னால் மாரென்,
அவளுக்கும் எனக்கும் நடுவே
இரண்டு புள்ளி எட்டு ஏழு.

அதுதான் அவள் மதிப்பெண்.
பள்ளிக்கூட ஆண்டுகளைக் கூட்டி வகுத்தால் மிஞ்சுவது.
வேதியியலில் வாங்கிய அந்த ‘சி’க்குள்
நாங்கள் காரை விற்ற குளிர்காலம் இருக்கிறது,
இருட்டில் ஐந்தேகால் பேருந்து இருக்கிறது.
வகுத்த பிறகு அவை தெரிவதில்லை.

விண்ணப்பத்தில் இதைச் சொல்ல இடமில்லையா என்றேன்.
இருக்கிறது, அறுநூற்றைம்பது சொல் என்றாள்.
ஆனால் முன்பின் தெரியாதவர்களை
அழவைக்க எனக்கு வராது அம்மா.

ஜன்னலுக்கு வெளியே மிசிசிப்பி.
இக்கரை மொலீன், இல்லினாய்.
அக்கரை அயோவா.
பெட்ரோல் அங்கேதான் போடுவோம், கொஞ்சம் மலிவு.
அவள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியது அங்கே.
சனிக்கிழமைகளில் வாடகைச் செருப்புகளுக்கு
மருந்தடித்துச் சம்பளம் வாங்கும் பௌலிங் கூடமும் அங்கே.
நீ எந்த மாநிலம் என்று
பாலம் ஒருநாளும் கேட்டதில்லை.
கல்லூரி கேட்கிறது.
கேட்டுவிட்டு
அதே வகுப்புக்கு, அதே நாற்காலிக்கு,
மும்மடங்கு சொல்கிறது.
இக்கரைக்கு அக்கரை பச்சைதான்.
பச்சைக்கு விலைச்சீட்டு ஒட்டியிருப்பதை
இப்போதுதான் பார்க்கிறேன்.

அட்டவணையில் மூன்று நிறம்:
நீலம், கிடைத்துவிடும். மஞ்சள், பார்க்கலாம். சிவப்பு, ஆசை.
சிவப்பையெல்லாம் அவளே அழித்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாமல் இருந்ததைத்தான்
அவள் கேட்டிருக்க வேண்டும்.

வடக்கே, டகோட்டா பக்கம் ஒரு மஞ்சள்.
ஆள் குறைந்த ஊர்.
வெளியாருக்கும் உள்ளூர் விலையே என்கிறார்கள்,
இரண்டரைக்குக் கீழே இறங்காவிட்டால்.
பஸ்ஸில் பதினான்கு மணி நேரம்.

அப்போது, திரையிலிருந்து கண் எடுக்காமல்,
அப்பா அக்கரையில்தானே இருக்கிறார் என்றாள்.

லைல்.
டேவன்போர்ட்டில், யாரோ ஒருவருடைய கராஜுக்கு மேலே, ஆறு வருடமாக.
மின்கட்டண ரசீதில் அவன் பெயர்.
ஒரு தாளில் அவன் கையெழுத்து விழுந்தால்
மூன்று ஒன்றாகிவிடுமோ என்னவோ.
கழுவி வைத்த கோப்பையை எடுத்து
மறுபடி கழுவினேன்.
அவன் அனுப்பாமல் விட்ட பணத்தையெல்லாம்
ஒரு தட்டில் போட்டாலும்
அவன் முகவரி கனக்கிறது.

கேள் என்றேன்.
தண்ணீரை நிறுத்திவிட்டு, இன்னொரு முறை, கேள்.

ஒலிபெருக்கியில் போட்டாள்.
அவனுக்குப் பின்னால் ஐஸ் ஹாக்கி இரைந்தது.
கையெழுத்தா, எத்தனை வேண்டும் என்று சிரித்தான்.
பிறகு தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான்.
அது வந்து, மாரென்,
நான் ஆகஸ்டிலேயே இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.
கிழக்கு மொலீன். வாடகை கட்டவில்லை அங்கே.
சொல்ல நினைத்தேன்.

இங்கிருந்து பத்து நிமிடம்.
ஐந்து மாதம்.
நான் தினமும் இறங்கும் நிறுத்தத்திற்கு
இரண்டு நிறுத்தம் தள்ளி.

மாரெனுக்குச் சிரிப்பு வந்தது.
நிறுத்த முடியாமல், மேசை ஆடும்படி சிரித்தாள்,
அட்டை நழுவி வெளியே வந்தது.
சரிப்பா, பரவாயில்லை, உடம்பைப் பார்த்துக்கொள் என்று
ஒரு பெரிய மனுஷிபோல வைத்துவிட்டாள்.

நான் குனிந்து அட்டையைச் சொருகினேன்.
நிமிர்ந்தபோது
டகோட்டா நீலமாகியிருந்தது.
ஜனவரியில் அங்கே எவ்வளவு குளிரும் என்று
தேடிக்கொண்டிருந்தாள்.
கட்டணம், விடுதி, புத்தகம், பஸ்
என்று இறங்கிய வரிசையில் கடைசியாக
‘கோட்டு’ என்று அடித்து
எதிரே எண் போடாமல்
என்னைப் பார்த்தாள்.

நூற்றிருபது போடு என்றேன்.
அதைக் கூட்டலில் சேர்க்காதே.